காலமைன் லோஷன்: குலுக்காமல் திட்டாதீர்கள்

கொசுக்கடிக்கு மெடிக்கலில் கேட்டால் பெரும்பாலும் கையில் கொடுப்பது அந்த ரோஸ் கலர் பாட்டிலைத்தான். எங்கள் வீட்டில் ஒன்று தீர்ந்தால் அடுத்தது வந்துவிடும்.

முதல் தடவை வாங்கியபோது மேலே தெளிந்து நின்ற தண்ணீரைத் தடவிவிட்டு, காசு தண்டம் என்று புலம்பினேன். மருந்து அத்தனையும் அடியில் மண்டியாகக் கிடந்தது. துத்தநாக ஆக்சைடும் துளி இரும்பு ஆக்சைடும்தான் அது, ரோஸ் நிறமே இரும்பால் வருவது. நன்றாகக் குலுக்கி, பஞ்சில் நனைத்து ஒத்தினால், ஈரம் காயக் காய ஜில்லென்று இருக்கும். அந்த ஜில்லுதான் முக்கால்வாசி வைத்தியம்.

கொசுவின் எச்சில் பட்டதும் தோலிலுள்ள மாஸ்ட் செல்கள் என்ற காவல் செல்கள் ஹிஸ்டமின் என்ற அரிப்பூட்டும் ரசாயனத்தைக் கொட்டுகின்றன, அது மெல்லிய சி வகை நரம்பிழைகளை உசுப்ப, சேதி நொடிக்குச் சுமார் ஒரு மீட்டர் என்று நத்தை மாதிரி தண்டுவடத்துக்குப் போகிறது. அரிப்பு என்பது சின்ன அளவு வலி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 2009-இல் எலிகளின் தண்டுவடத்தில் ஒரு வகை நரம்பணுக்களை மட்டும் அழித்துப் பார்த்தார்கள். சொறிவது வெகுவாகக் குறைந்தது, வலி உணர்வு அப்படியே இருந்தது. சொறிந்தால் சுகமாக இருப்பதும் நகம் கொடுக்கும் வலி தண்டுவடத்தில் அரிப்பை அமுக்குவதால்தான். குளிர்ச்சியும் அதையே செய்கிறது, தோல் கிழியாமல். ஆனால் இந்த லோஷன் ஹிஸ்டமினைத் தடுப்பதில்லை, அதனால்தான் எனக்கு அரை மணியில் மறுபடி நமைக்க ஆரம்பிக்கிறது. ஹிஸ்டமினைத் தடுக்க செட்டிரிசின் மாதிரி மாத்திரைதான் வேண்டும்.

அந்த மாத்திரையும் எல்லாவற்றுக்கும் ஆகாது. போன வருடம் ஊரில் வேலியோரம் பூனைக்காலிக் கொடியின் காய்ச் சுணை பட்டுவிட்டது, அப்பப்பா! லோஷனும் போட்டேன், மாத்திரையும் போட்டேன், ஒன்றும் அசையவில்லை. அந்தச் சுணையில் ஒரு நொதி இருக்கிறது, அது ஹிஸ்டமினை எதிர்பார்க்காமல் வேறு வழியில் நரம்பை உசுப்புகிறது. கடைசியில் செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டிச் சுணையைப் பிடுங்கியதுதான் கைகொடுத்தது.

குறை என்றால், கறுப்புச் சட்டையில் பட்டால் வெள்ளையாகத் திட்டுத் திட்டாக நிற்கும், பாட்டில் வாயில் மருந்து காய்ந்து அடைத்துக்கொள்ளும். ஒரு கடையில் தேதி முடிந்ததைக் கொடுத்துவிட்டார்கள், எவ்வளவு குலுக்கியும் கட்டி கரையவில்லை, பார்த்து வாங்குங்கள். சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கிறதென்று மகள் பகலில் தொடவே விடுவதில்லை. ராத்திரிக்கு மட்டும் என்றால் ஐந்துக்கு மூன்றரை.