ஃபார்மட் போடுவதா, மூடியைக் கழற்றுவதா?

வீட்டுக் கம்ப்யூட்டர் அடிக்கடி ஹேங் ஆகிறது என்று எந்தக் கடையில் போய்ச் சொன்னாலும் முதலில் வரும் பதில், “ஃபார்மட் போட்டுடலாம் சார்.” அதாவது டிஸ்க்கைத் துடைத்துவிட்டு விண்டோஸை மறுபடி ஏற்றுவது. கடைக்காரருக்கு அது வசதி. பென் டிரைவைச் செருகிவிட்டு அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கலாம், எந்தப் பாகமும் கையிருப்பில் இருக்க வேண்டியதில்லை, சாயங்காலம் திருப்பிக் கொடுக்கும்போது மெஷின் பளிச்சென்று ஓடும். எதிர்முகாமில் இருப்பவர்கள், “எஸ்எஸ்டி போடுங்க, ராம் மாத்துங்க, எஸ்எம்பிஎஸ் மாத்துங்க” என்று பாகங்களின் பட்டியலை நீட்டுவார்கள். எஸ்எஸ்டி என்பது சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலான சில்லு டிஸ்க், ராம் என்பது மெஷினின் தற்காலிக நினைவகம், எஸ்எம்பிஎஸ் என்பது உள்ளே மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. என் கட்சி இந்த இரண்டாம் முகாமின் பக்கம் சாய்ந்ததுதான். ஆனால் பர்ஸைத் திறப்பதற்கு முன்னால் காசில்லாமல் பார்க்க வேண்டியவை சில உண்டு.

முதலில், எப்படி நிற்கிறது என்று பாருங்கள். மவுஸ் நகர்கிறது, எதைக் கிளிக் செய்தாலும் வட்டம் மட்டும் சுற்றுகிறது என்றால் அது ஒரு வகை. கேப்ஸ் லாக்கைத் தட்டினால் கீபோர்டு விளக்கு எரிந்து அணைகிறதா? அப்படியானால் விண்டோஸ் உயிரோடுதான் இருக்கிறது, எதற்கோ காத்துக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் டிஸ்க்குக்கு. விளக்கும் அசையவில்லை, ஸ்பீக்கரில் ஒரே சத்தம் இழுத்துக்கொண்டே இருக்கிறது என்றால் சந்தேகம் ராம், கிராஃபிக்ஸ், மதர்போர்டு அல்லது மோசமான டிரைவர் (பாகங்களை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) மீது போக வேண்டும். நீலத் திரை வந்தால் (விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் அது கறுப்புத் திரை) அதில் ஒரு பிழைக் குறியீடு இருக்கும். அதை ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த அறிவிப்பும் இல்லாமல் பட்டென்று அணைந்து போனால் மின்சாரமோ சூடோ காரணமாக இருக்கலாம். இந்த நான்கையும் “ஹேங் ஆகுது” என்ற ஒரே வார்த்தையில் கடையில் சொல்கிறோம். பிறகு அவர் ஃபார்மட் என்ற ஒரே மருந்தைத் தருவதில் ஆச்சரியம் இல்லை.

விண்டோஸிலேயே ரிலையபிலிட்டி மானிட்டர் என்று ஒன்று இருக்கிறது. ஸ்டார்ட்டில் ‘ரிலையபிலிட்டி’ என்று தேடினால் வரும். எந்த நாளில் எது விழுந்தது, அதற்கு முன் எந்த அப்டேட், எந்த மென்பொருள் ஏறியது என்று நாள்வாரியாகக் காட்டும். ஈவென்ட் வியூவர் இன்னும் விரிவானது, ஆனால் அதில் ஒரு பொறி உண்டு: ‘கெர்னல்-பவர் 41’. அதைப் பார்த்ததும் ‘பவர்’ என்ற சொல்லை நம்பிப் புது எஸ்எம்பிஎஸ் வாங்கியவர்கள் ஏராளம். முறையாக ஷட்டவுன் ஆகாமல் மெஷின் நின்றுபோனது என்பதைத் தவிர அந்தப் பதிவு வேறெதுவும் சொல்வதில்லை. உறைந்துபோன மெஷினை நீங்களே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் அதே 41தான் பதிவாகும்.

ஃபார்மட்டும் எஸ்எஸ்டியும்

மோதல் உண்மையில் இங்கேதான். பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள மெஷினில் ஃபார்மட் போட்டதும் சில வாரம் நன்றாக ஓடுகிறதே, அது பிரமை இல்லை. ஸ்டார்ட்டப்பில் குவிந்திருந்த மென்பொருள்கள் போய்விடுகின்றன என்பது ஒரு காரணம். இன்னொன்று பலருக்குத் தெரியாதது. டேட்டா பதியும் சின்னக் கட்டங்களான செக்டர்களில் படிக்க முடியாதவற்றை டிஸ்க் ‘நிலுவையில்’ என்று குறித்து வைக்கும். அந்த இடத்தில் புதிதாக எழுதும்போதுதான், தேறினால் மறுபடி பயன்படுத்தும், தேறாவிட்டால் ஒதுக்கிவிட்டு உதிரியில் இருக்கும் செக்டரைக் கொடுக்கும். விண்டோஸை மீண்டும் ஏற்றுவது என்றால் ஏராளமாக எழுதுவது. அதனால் நோய் தற்காலிகமாக மறைகிறது. டிஸ்க் தேய்ந்துகொண்டேதான் இருக்கிறது, வேறு இடத்தில் மறுபடி தலைகாட்டும். அதற்குள் பழைய பிழைப் பதிவுகள் எல்லாம் அழிந்துவிட்டதால், கண்டுபிடிக்கும் வேலையை ஆரம்பத்திலிருந்து செய்ய வேண்டும்.

ஆகவே ஃபார்மட்டுக்கு முன் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓடவிடுங்கள். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் கணக்கை அது காட்டும். ரீஅலோகேட்டட், கரன்ட் பெண்டிங், அன்கரெக்டபிள் என்ற மூன்று வரிகளில் பூஜ்ஜியத்துக்கு மேல் இருந்து, வாரத்துக்கு வாரம் கூடினால் அந்த டிஸ்க்கில் ஃபார்மட் போடுவது வீண் வேலை. சிஆர்சி எரர் என்ற வரி மட்டும் ஏறினால் டிஸ்க்கைத் தூக்கி எறியாதீர்கள். டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றினாலே தீரலாம். ஸ்மார்ட் சுத்தமாக இருப்பதால் மட்டும் டிஸ்க் நல்லது என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. ஆனால் அது மஞ்சள் காட்டினால் அந்த எச்சரிக்கையை நம்பிவிடலாம்.

வேகத்தைப் பொறுத்தவரை போட்டியே இல்லை. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கும் மெஷின்களில், விண்டோஸ் ஒரே சமயத்தில் சிதறிக் கிடக்கும் ஆயிரம் சின்னக் கோப்புகளைக் கேட்கிறது. ஹார்ட் டிஸ்க்கின் முள் ஒவ்வொன்றுக்கும் ஓடிப் போய்வர சில மில்லிசெகண்ட் ஆகும். எஸ்எஸ்டியில் நகரும் பாகமே இல்லை. 2015 வாக்கில் வாங்கிய மெஷினுக்குக்கூட சாதாரண சாட்டா எஸ்எஸ்டி போட்டால் ஆள் மாறிவிடும். இந்த வேகத்தை ஃபார்மட்டால் தரவே முடியாது.

எஸ்எஸ்டி வாங்கியாயிற்று, பழையதை அப்படியே நகலெடுத்து குளோன் செய்வதா புதிதாக விண்டோஸ் ஏற்றுவதா என்று அடுத்த சண்டை வரும். நான் புதிதாக ஏற்றுவதையே சொல்வேன். குளோன் செய்தால் பழைய குப்பையும் கூடவே வரும். அதோடு, சாகக் கிடக்கும் டிஸ்க்கின் முதல் செக்டர் முதல் கடைசி வரை படிக்கச் சொல்வதே அதற்குக் கடைசி அடியாகலாம். முக்கியமான கோப்புகளை முதலில் நகலெடுங்கள், பழைய டிஸ்க்கைக் கழற்றி அப்படியே அலமாரியில் வையுங்கள், புது எஸ்எஸ்டியில் சுத்தமாக ஆரம்பியுங்கள். ஃபார்மட்டின் பலனும் கிடைக்கும், பழைய டேட்டாவும் கையில் இருக்கும். அசல் விண்டோஸோடு வந்த மெஷினாக இருந்தால் உரிமம் மதர்போர்டோடு ஒட்டியிருக்கும். அதே பதிப்பை ஏற்றி இன்டர்நெட்டோடு இணைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகும். கடையில் ‘நாங்களே போட்டுத் தர்றோம்’ என்று, உரிமம் இல்லாமல் ஆக்டிவேட் செய்யும் ‘ஆக்டிவேட்டர்’ கொண்டு ஏற்றும் விண்டோஸ் வேண்டவே வேண்டாம். அந்த ஆக்டிவேட்டர் வேலை செய்ய பாதுகாப்பு மென்பொருளை அணைத்து வைப்பது வழக்கம். கிராஷுக்கு வைத்தியம் என்று வைரஸுக்குக் கதவு திறந்தது போலாகும்.

அழிக்காமலே கிடைக்கும் பதில்

ஃபார்மட்டை ஒரு சோதனையாகப் பார்ப்பவர்கள் உண்டு. “போட்டுப் பார்ப்போம், அப்பவும் நின்னா ஹார்ட்வேர்.” தர்க்கம் சரி, விலைதான் அதிகம். அதே பதிலை, விண்டோஸுக்கு மாற்றான உபுண்டுவோ லினக்ஸ் மின்ட்டோ ஏற்றிய பென் டிரைவிலிருந்து மெஷினைத் தொடக்கி, இன்ஸ்டால் செய்யாமல் (உபுண்டுவில் ‘டிரை’ என்பதைத் தேர்ந்தெடுத்து), ஓர் இரவு வீடியோ ஓடவிட்டால் பெறலாம். அங்கேயும் உறைந்தால் விண்டோஸ் நிரபராதி, ராம், சூடு, பவர், போர்டு என்று தேடுங்கள். உறையவில்லை என்றால் சந்தேகம் விண்டோஸ், டிரைவர், டிஸ்க் என்ற மூன்றுக்குள் அடங்குகிறது. இப்படிப் பென் டிரைவிலிருந்து ஓடும் லைவ் லினக்ஸ் உங்கள் டிஸ்க்கைத் தொடாமலே ஓடுவதால் அதை மட்டும் தனியாக ஸ்மார்ட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு கோப்பு கூட அழியாது.

குற்றவாளி விண்டோஸ்தான் என்று தெரிந்தாலும் முழு ஃபார்மட் கடைசியாகத்தான் வர வேண்டும். அத்தியாவசிய டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் தொடங்கும் சேஃப் மோடில் நிற்காமல் ஓடுகிறது என்றால் டிரைவரையோ கூடவே ஏறும் மென்பொருளையோ பிடிக்கலாம். இரண்டு ஆன்டிவைரஸ் ஒரே மெஷினில் மல்லுக்கட்டுவது இன்றும் நடக்கிறது. அடுத்து ‘ரீசெட் திஸ் பிசி’. உங்கள் கோப்புகளை வைத்துக்கொண்டு மென்பொருள்களை மட்டும் நீக்கும். கிளவுட் டவுன்லோடைத் தேர்ந்தெடுத்தால் 4 ஜிபிக்கு மேல் டேட்டா போகும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இருப்பவர்கள் கவனிக்கவும். தீய மென்பொருள் புகுந்துவிட்ட மெஷினுக்கு மட்டும் நான் தயங்காமல் ஃபார்மட்டுக்கு வாக்களிப்பேன்.

ராம் விஷயத்தில் மூன்று கட்சிகள். ரப்பரால் தேய்ப்பவர்களை இணையத்தில் கேலி செய்கிறார்கள். கடலோர ஊர்களின் ஈரக் காற்றில் முனைகளில் படியும் அழுக்கு உண்மையானது. கழற்றி மறுபடி அழுத்திச் செருகுவதே பாதி நேரம் வேலையை முடித்துவிடும். பவர் ஒயரைப் பிடுங்கிவிட்டுச் செய்யுங்கள், மை அழிக்கும் சொரசொரப்பு ரப்பர் வேண்டாம். விண்டோஸின் மெமரி டயக்னாஸ்டிக் விரைவில் முடியும், மேலோட்டமானது. மெம்டெஸ்ட்86+ ராத்திரி முழுக்க ஓட வேண்டும், ஆனால் தீர்ப்பு அதனுடையதுதான். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் தேறவில்லை என்று பொருள். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள், எது என்று தெரிந்துவிடும்.

சூட்டுக்குத் தூசி தட்டுவது போதுமா, பிராசஸருக்கும் அதன் கூலருக்கும் நடுவே தடவும் தெர்மல் பேஸ்ட்டும் வேண்டுமா? முதலில் தூசி. பிராசஸர் சூடானால் முதலில் தன் வேகத்தைக் குறைக்கும். பல இன்டெல் சில்லுகளுக்கு வரம்பு 100 டிகிரி வாக்கில். அதற்கும் மிஞ்சினால் அணைந்துவிடும். ஆகவே சூடு என்றால் மந்தமாவதும் பட்டென அணைவதும்தான் அதிகம், படம் உறைந்து நிற்பது குறைவு. புளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தூசி தட்டியும் சூடு இறங்காத பழைய மெஷினுக்கு மட்டும் பேஸ்ட்.

எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் யுபிஎஸ்ஸுக்கும் இடையே யார் குற்றவாளி என்று பார்ப்பது சுலபம். யுபிஎஸ்ஸை விட்டுவிட்டுச் சுவர் பிளக்கில் நேராகக் கொடுங்கள். யுபிஎஸ் வழியாக ஓடும்போது கரண்ட் போனால் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் யுபிஎஸ் பேட்டரி தீர்ந்துபோயிருக்கும். நேராகக் கொடுத்தும் கேம் திறந்ததும் அணைந்தால் எஸ்எம்பிஎஸ் மீது சந்தேகம் வலுக்கிறது, கேபினெட்டோடு இலவசமாக வந்தது என்றால் இன்னும். தெரிந்தவரிடம் நல்லது ஒன்றைக் கடன் வாங்கி மாட்டிப் பார்ப்பதே நம்பகமான வழி. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

திரையில் வரும் வாசகத்தை எழுத்துக்கு எழுத்து நம்பக்கூடாது என்பதற்கு 2024 நல்ல சாட்சி. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சிலவற்றில் கேம்கள் விழுந்துகொண்டே இருந்தன. திரையில் வந்ததோ ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்ற செய்தி. கிராஃபிக்ஸ் கார்டைச் சந்தேகித்தவர்கள் பலர். கடைசியில் கோளாறு பிராசஸரிலேயே, அதற்குப் போன மின்னழுத்தத்தில். இன்டெல் அந்த ஆகஸ்டில் பிராசஸருக்கான திருத்தமாக 0x129 மைக்ரோகோடையும் அடுத்த மாதம் 0x12பி-யையும் வெளியிட்டது, வாரண்டியையும் 2 ஆண்டு நீட்டித்தது. ஏற்கெனவே கெட்டுப்போன சில்லை அந்த அப்டேட் குணப்படுத்தாது, மாற்றத்தான் வேண்டும். அந்த மெஷின்களில் நூறு தடவை ஃபார்மட் போட்டாலும் கிராஷ் ஓய்ந்திருக்காது.

வீட்டில் நீங்களே பார்ப்பதா, கடைக்குக் கொண்டுபோவதா? டிஸ்க்கில் ‘டிக் டிக்’ என்று சத்தம் கேட்டு, உள்ளே கல்யாணப் படங்கள் இருந்தால், இரண்டுமே இல்லை. அணைத்துவிட்டு டேட்டா ரெகவரி செய்பவரிடம் போங்கள். விண்டோஸின் டிஸ்க் சரிபார்க்கும் கருவியான செக்டிஸ்க்கை ஓடவிட்டால் நிலைமை மோசமாகும். மற்றபடி கடைக்குப் போனால், “இதை மாத்தினா சரியாகும்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். சோதனை முடிவைக் காட்டுபவரிடம் மெஷினை விட்டுவிட்டு வரலாம்.

புது மெஷின் என்ற வழியும் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேற்பட்ட பிராசஸரும் கேட்கிறது. அதற்கும் பழைய மெஷினில் மதர்போர்டு சந்தேகம் என்றால் அதில் காசு போடாதீர்கள். டிஸ்க் மட்டும்தான் பிரச்சினை என்றால் எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் மின்ட் ஏற்றுங்கள், பிரவுசரும் பிள்ளைகளின் பாடமும் தாராளமாக ஓடும். நாளைக்கு டெஸ்க்டாப்பையே மாற்றினாலும் அந்த சாட்டா எஸ்எஸ்டியும் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் பெரும்பாலும் புதியதில் பொருந்தும். டிடிஆர்3 என்ற பழைய வகை ராமும் பழைய போர்டும் பொருந்தாது, அவற்றுக்குச் செலவழித்தது அவற்றோடு போகும்.