கிரிமினல் ஜஸ்டிஸ் படிக்கப் போகிறீர்களா? கையெழுத்துக்கு முன் இதைப் படியுங்கள்

கலிஃபோர்னியாவில் போலீஸ் வேலைக்காக கிரிமினல் ஜஸ்டிஸ் (குற்றவியல் நீதி) படிக்க நினைக்கும் தம்பி தங்கைகளும் அவர்களைப் பெற்றவர்களும் தயவுசெய்து இதைப் படியுங்கள். எனக்கு ஒரு முழு வருடமும் 14,000 டாலரும் போயின. பாதிக்கு மேல் கடன், இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

பள்ளி முடித்த கோடையில் ஒரு தனியார் கல்லூரி விளம்பரத்தைப் பார்த்து நம்பரைப் பதிந்தேன். பத்தே நிமிடத்தில் போன். பேசியவர் சொந்த அக்கா மாதிரி பேசினார். "இங்கே எடுக்கும் கிரெடிட் (முடித்த பாடங்களுக்கான மதிப்பலகு) எங்கே போனாலும் செல்லும், பத்தொன்பது வயதில் யூனிஃபார்ம் போட்டுவிடலாம்" என்றார். அப்பா மட்டும், "பக்கத்துல இருக்கிற கம்யூனிட்டி காலேஜ்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வாப்பா" என்றார். அது குறைந்த கட்டணத்தில் இரண்டு வருடப் படிப்பு தரும் அரசுக் கல்லூரி. நான் கேட்கவில்லை. மறுநாளே நேரில் வரவழைத்து டேப்லெட்டை நீட்டினார்கள். அவர் பக்கத்தைத் தள்ளத் தள்ள, மஞ்சள் கட்டம் வந்த இடமெல்லாம் இனிஷியல் போட்டேன். எதையும் படிக்க விடவில்லை.

வருட முடிவில் கட்டணம் தாங்காமல் அதே கம்யூனிட்டி காலேஜுக்குப் போனேன். கவுன்சலர் என் டிரான்ஸ்கிரிப்டை (படித்த பாடங்களின் மதிப்பெண் பட்டியல்) மேசையில் விரித்து, பென்சிலோடு ஒவ்வொரு வரியாக இறங்கினார். ஒவ்வொரு கோர்ஸுக்குப் பக்கத்திலும் சின்னதாக ஒரு கோடு. பதினொரு கோர்ஸ், பதினொரு கோடு. ஒன்றுகூடச் செல்லவில்லை. கிரெடிட் செல்லுமா என்பதைக் கொடுக்கிற கல்லூரி முடிவு செய்வதில்லை, ஏற்கிற கல்லூரிதான் முடிவு செய்கிறது. வீட்டுக்கு வந்து ஒப்பந்த நகலைத் திறந்தால், அதே விஷயம் அச்சிலேயே இருக்கிறது, கீழே என் இனிஷியலோடு.

பத்தொன்பது வயது கதையும் பொய். 2022 முதல் இங்கே போலீஸ் அதிகாரியாகச் சேரக் குறைந்தபட்ச வயது 21. பட்டம் வாங்கியதும் வேலை என்பதும் இல்லை. குறைந்தது 664 மணி நேர போலீஸ் அகாடமி பயிற்சி, பின்னணி விசாரணை எல்லாம் தனி. (கிரீன் கார்டு பிள்ளைகளுக்கு ஒரு நல்ல செய்தி: 2023 முதல் குடியுரிமை கட்டாயமில்லை, சட்டப்படி வேலை செய்யும் அனுமதி போதும்.)

கம்யூனிட்டி காலேஜில் இந்தப் படிப்பு பெரும்பாலும் 'அட்மினிஸ்ட்ரேஷன் ஆஃப் ஜஸ்டிஸ்' என்ற பெயரில் இருக்கும். மாநிலவாசிகளுக்கு யூனிட்டுக்கு 46 டாலர். 60 யூனிட் முடித்தாலும் 2,760 டாலர்தான். வருமானம் குறைவென்றால் அதையும் தள்ளுபடி செய்கிறார்கள். பிறகு பல்கலைக்கழகத்துக்கு மாறிப் படிக்க உதவும் டிரான்ஸ்ஃபர் பட்டமாகப் பார்த்து எடுங்கள். எந்த கோர்ஸ் எந்தப் பல்கலைக்கழகத்தில் செல்லும் என்பதை 'அசிஸ்ட்' இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

இப்படி ஏமாந்தது நான் மட்டுமல்ல. இல்லினாய் மாநிலத்தில் வெஸ்ட்வுட் என்ற தனியார் கல்லூரியின் கிரிமினல் ஜஸ்டிஸ் படிப்பு மீது மாநில அட்டர்னி ஜெனரல் (அரசுத் தலைமை வழக்கறிஞர்) 2012-இல் வழக்குப் போட்டார். அந்தப் பட்டத்தை ஏற்காத போலீஸ் துறைகளில் வேலை கிடைக்கும் என்று நம்பவைத்துச் சேர்த்ததாகப் புகார். 2022-இல் அந்தக் கல்லூரியில் படித்த 79,000 பேரின் கடனை மத்திய கல்வித்துறை தள்ளுபடி செய்தது. அதற்குப் பத்து வருடம் ஆயிற்று என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? தனியார் கல்லூரிகளுக்கான மாநில அலுவலகத்தின் கீழ் வரும் கலிஃபோர்னியா கல்லூரியென்றால், முதல் வகுப்பு நாள் அல்லது சேர்ந்த ஏழாம் நாள், இரண்டில் எது பிந்தியதோ அதுவரை ரத்து செய்யலாம். போனில் சொல்லாதீர்கள், எழுத்தில் கொடுங்கள். அந்தத் தேதி தாண்டியிருந்தால் அந்த அலுவலகத்தில் புகார் கொடுங்கள். மத்தியக் கடன் இருந்தால், ஏமாற்றப்பட்டதாகத் தள்ளுபடி கேட்கும் விண்ணப்பமும் உண்டு. அது இலவசம். 'நாங்கள் முடித்துத் தருகிறோம்' என்று பணம் கேட்பவர்களிடம் இன்னொரு முறை ஏமாறாதீர்கள்.

அன்று அக்கா மாதிரி பேசியவர் போனில் சொன்ன வாக்குக்கு என்னிடம் சாட்சியில்லை. "கிரெடிட் பற்றிக் கவலை வேண்டாம்" என்று அனுப்பிய இரண்டு குறுஞ்செய்திகள் மட்டும் அழியாமல் இருந்தன. அவற்றைப் படம் எடுத்து என் புகாரோடு சேர்த்து அனுப்பியிருக்கிறேன். உங்களுக்கு வரும் செய்திகளை அழித்துவிடாதீர்கள்.