நட்டு ஒப்படைப்பதா, ஓராண்டு வளர்த்து ஒப்படைப்பதா? தோட்டப் பணியில் இருவகை ஒப்பந்தங்கள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் வீடுகளுக்கும் சிறு விடுதிகளுக்கும் தோட்டம் அமைத்துத் தருபவர்கள் இரண்டு வகையில் ஒப்பந்தம் போடுகிறார்கள். மண் நிரப்பி, செடி நட்டு, புல் பதித்து, பில்லை முடித்துக்கொண்டு வெளியேறுவது ஒரு வகை. நட்ட பிறகு ஓராண்டுப் பராமரிப்பையும் அதே ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்வது இன்னொரு வகை. முதல் வகையில் நெடுங்காலம் பணி செய்த நாங்கள், இப்போது வீட்டுத் தோட்டம் எதையும் இரண்டாவது வகையில்தான் ஏற்கிறோம்.

முதல் வகையின் நன்மைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. பணம் விரைவில் கைக்கு வரும், ஆட்களை அடுத்த இடத்துக்கு அனுப்பலாம், மதிப்பீட்டுத் தொகை குறைவாகத் தெரிவதால் வாடிக்கையாளரும் சட்டென ஒப்புக்கொள்வார்.

ஆனால் நம் கரையோரத்தின் பருவநிலை இந்த வகைக்குச் சாதகமாக இல்லை. இங்கே மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. தை மாதத்தில் புதுமனை புகுவிழா வைத்திருப்பவர்கள் அதற்குள் தோட்டம் பசுமையாக இருக்க வேண்டும் என்று கேட்பதால், நடவும் ஐப்பசி, கார்த்திகையில்தான் நடக்கிறது. அந்த ஈரத்தில் எந்தச் செடியும் தளிர்க்கும். ஒப்படைக்கும் நாளில் குறை என்று எதையும் காட்ட முடியாது. குறைகள் மாசியில் தலைகாட்டத் தொடங்கி, அக்னி நட்சத்திரத்தில் முழுமையாக வெளிப்படும்போது ஒப்பந்ததாரர் அங்கே இருப்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டை விரிவாகச் சொல்கிறேன். நம் நர்சரிகளில் விற்கும் அழகுச் செடிகளில் பல, ஆந்திராவின் கடியத்திலிருந்து லாரியில் வருபவை. அவற்றின் வேர்ப்பகுதி பிசுபிசுப்பான களிமண் உருண்டையாக இருக்கும். அதை அப்படியே கோட்டக்குப்பம், தேவனாம்பட்டினம் போன்ற கடலோர மணலில் நட்டால், ஊற்றும் தண்ணீர் சுற்றியுள்ள மணலில் இறங்கி ஓடிவிடும். நடுவிலுள்ள உருண்டை மட்டும் காய்ந்து செங்கல்லாக இறுகிவிடும். மேலே மண் நனைந்து தெரிவதால், தண்ணீர் விடும் காவலாளிக்குச் சந்தேகமே வராது. இலை வாடியதும் செடியின் அடியில் ஒரு கம்பியைக் குத்திப் பார்த்து, உருண்டையைக் கீறிவிட்டு, மக்கிய எருவைக் கலந்து மெதுவாக நீர் பாய்ச்சினால் பெரும்பாலும் பிழைத்துவிடும். அதைச் செய்ய, வாரம் ஒரு முறையாவது அந்தத் தோட்டத்துக்குள் போகும் பழக்கமுள்ள ஆள் வேண்டும்.

தண்ணீரும் இதே கதைதான். பாசன நீரில் உப்பு எவ்வளவு என்பதைக் காட்டும் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 0.7 டெசிசீமென்ஸுக்குள் இருந்தால் கவலையில்லை. 3-ஐத் தாண்டினால் பெரும்பாலான செடிகளுக்கு ஆகாது. கடலை ஒட்டிய போர்வெல்களில் மழைக்காலத்தில் எடுத்த அளவு கோடையிலும் அப்படியே இருக்கும் என்று நம்ப முடியாது. பங்குனியில் இட்லிப்பூச் செடியின் இலை விளிம்பு கருகுவதையும், சொட்டுநீர்க் குழாயின் துளைகளில் வெள்ளை உப்பு படிவதையும் பராமரிப்பில் இருப்பவர்தான் முதலில் கவனிப்பார். அப்போதே அரளி, பூவரசு, புன்னை போன்ற உப்பைத் தாங்கும் இனங்களுக்கு மாற்றிவிட்டால் தோட்டம் தப்பிக்கும்.

முதல் வகையில் இந்த இடத்தில்தான் தகராறு பிறக்கிறது. 'தரமில்லாத செடியைக் கொடுத்தீர்கள்' என்பார் உரிமையாளர். 'தண்ணீர் விடவில்லை' என்பார் ஒப்பந்ததாரர். இருவரிடமும் சான்று இருக்காது. ஓராண்டு ஒப்பந்தத்தில் செடி பட்டுப்போனால் மாற்றித் தருவது எங்கள் பொறுப்பு என்பதால், அந்த வாக்குவாதத்துக்கே இடமில்லை. நடும்போதே குழியை ஆழமாக வெட்டவும், கட்டட வேலையில் புதைந்துபோன சிமெண்ட் கழிவை முழுவதும் அள்ளவும் அந்தப் பொறுப்பே எங்களைத் தூண்டுகிறது. வாடிக்கையாளருக்குக் கிடைக்கும் பெரிய ஆதாயம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இரண்டாவது வகையிலும் சிரமங்கள் உண்டு. நிலையாக வரும் தோட்டக்காரர் கிடைப்பது அரிது. மாதத் தொகை தாமதமாகும். புயல் இழப்பு யாருடையது என்பதை எழுதிக்கொள்ளாவிட்டால் உறவே முறிந்துவிடும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்ததையும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதையும் கண்டவர்கள் இந்த விதியை விட்டுவிடக் கூடாது. புயலில் சாய்ந்ததை நிமிர்த்தி முட்டுக் கொடுக்கும் கூலி எங்களுடையது, புதிய செடியின் விலை உரிமையாளருடையது என்று நாங்கள் பிரித்துக்கொள்கிறோம்.

தொழிற்சாலை வளாகங்களிலும் பெரிய அடுக்ககங்களிலும் எனக்கு அனுபவம் குறைவு. சொந்தமாகத் தோட்டக்காரர்களை வைத்திருக்கும் அத்தகைய இடங்களில் முதல் வகையே போதுமானதாக இருக்கலாம். அப்போதும் ஒப்படைப்பு நாளை மார்கழியில் வைக்காமல், ஒப்பந்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கையாவது வைகாசி முடியும்வரை நிறுத்திவைக்கும்படி வாடிக்கையாளருக்குச் சொல்லுவேன். அதற்குச் சம்மதிக்கும் ஒப்பந்ததாரரிடம் பணியைத் தயங்காமல் கொடுக்கலாம்.