இரண்டாவது கியருக்காக நான்கு ஆயில்கள்

என்னுடையதைப் போன்ற டர்போ பெட்ரோல் கார் ஒன்றைச் சென்ற மாதம் பழையதாக வாங்கிய நண்பர், கியர் பாக்ஸுக்கு எந்த ஆயில் ஊற்றலாம் என்று கேட்டிருந்தார். ஒரு வரிக் கேள்விதானே என்று பதில் எழுத உட்கார்ந்து மூன்று முறை எழுதி அழித்த பிறகு, எனக்கே இதில் ஒரு நிலையான கருத்து இல்லை என்பது தெரிந்தது. 92,000 கிலோமீட்டர் ஓடி, நான்கு வகை ஆயில்களைக் குடித்துவிட்ட அந்த 6 கியர் மேனுவல் பெட்டியைப் பற்றித் தெரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். வண்டியின் பெயரையும் ஆயில்களின் பெயரையும் சொல்லப்போவதில்லை. டப்பாவின் முன்பக்கம் இருக்கும் பெயரைவிடப் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதுதான் இங்கே விஷயம்.

எனக்கு வீடு குன்னூரில். மார்கழி, தை மாதக் காலைகளில் வண்டியை எடுத்துச் சரிவில் இறங்கி முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு இழுத்தால் கியர் விழாது. உள்ளே யாரோ கதவைக் கையால் தாங்கிப் பிடித்திருப்பது போல லிவர் பாதியில் நிற்கும். அழுத்தித் தள்ளினால் ‘கரக்’ என்று ஒரு சத்தத்துடன் போகும். மூன்று கிலோமீட்டர் ஓடி ஆயில் சூடேறிய பிறகு அதே லிவர் இரண்டு விரலால் தொட்டாலே விழும். மற்ற எல்லாவற்றையும் மறந்துவிட்டு அந்த மூன்று கிலோமீட்டரைப் பற்றியே ஏழு ஆண்டுகளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்பதை வீட்டில் உள்ளவர்கள் பெருமையாகச் சொல்வதில்லை.

காரணம் என்னவோ எளிமையானதுதான். கியர் விழுவதற்கு முன், சின்க்ரோ என்னும் பித்தளை வளையம் கியரோடு இருக்கும் கூம்பின் மேல் உராய்ந்து, இரண்டின் வேகத்தையும் சமமாக்க வேண்டும். உராய வேண்டுமானால் நடுவில் இருக்கும் ஆயில் படலம் நொடிப்பொழுதில் விலகியாக வேண்டும். வளையத்தின் உட்புறத்தில் மெல்லிய வரிகள் வெட்டியிருப்பது அதற்காகத்தான். ஆயில் கெட்டியாக இருந்தால் படலம் மெதுவாக விலகும், அளவுக்கு மீறி வழுக்கினால் வளையம் பிடிக்காமல் நழுவும். ஆனால் அதே பெட்டிக்குள் இருக்கும் பற்சக்கரங்களோ, படலம் கெட்டியாகவும் வழுக்கலாகவும் இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. இருவரும் நேர் எதிராகக் கேட்பதை ஒரே ஆயில் கொடுக்க வேண்டும் என்பதால்தான், எஞ்சின் ஆயிலுக்குப் போகாத இரவுத் தூக்கம் இதற்குப் போகிறது.

முதலாவது, வண்டியோடு வந்த நிறுவன ஆயில். ஜி.எல்-4 தரம் (எந்த வேலைக்கான கியர் ஆயில் என்பதைச் சொல்லும் குறி), 75டபிள்யூ-80 (முன் எண் குளிரிலும் பின் எண் சூட்டிலும் உள்ள கெட்டித்தன்மைக்கு), தண்ணீர் போல மெலிசு. அதன் அருமை அது போன பிறகுதான் தெரிந்தது.

55,000 கிலோமீட்டரில் கிளட்ச் மாற்ற ஒரு பணிமனையில் விட்டபோது, கியர் பாக்ஸைக் கழற்றியவர்கள் பழைய ஆயிலைக் கொட்டிவிட்டு 80டபிள்யூ-90, ஜி.எல்-5 ஊற்றிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டே நாளில், வெயில் நேரத்திலும் இரண்டாவது கியர் முரண்டு பிடித்தது. போய்க் கேட்டபோது அந்த மெக்கானிக் கொஞ்சமும் தயங்காமல், “நாலை விட அஞ்சு ஒசத்திதானே சார்?” என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனாலும் அவர் சொன்னதில் இருந்த நியாயத்தை இன்றுவரை என்னால் முழுதாக மறுக்க முடியவில்லை. எண்ணை அப்படி வரிசையாக வைத்தது அவரல்லவே.

ஜி.எல்-5 என்பது ஜி.எல்-4-க்கு மேல்படி அல்ல. அது வேறொரு வேலைக்கானது. பின்அச்சில் உள்ள ஹைபாய்டு பற்சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கிக்கொண்டே உருள்வதால், அவற்றைக் காக்கக் கந்தகமும் பாஸ்பரசும் கலந்த அதியழுத்தச் சேர்மம் ஜி.எல்-4-ல் இருப்பதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு அதில் இருக்கும். என் வண்டியில் எஞ்சின் குறுக்காக அமர்ந்து முன்சக்கரங்களை ஓட்டுகிறது. கடைசிப் பற்சக்கர ஜோடி சாதாரண சாய்பல் வகை என்பதால் அந்த மருந்து எதுவும் அதற்குத் தேவையில்லை. சுபாரு வண்டிகளின் மேனுவல் பெட்டியில் முன்அச்சின் ஹைபாய்டு பற்களும் அதே ஆயிலில் நனைவதால், அந்த நிறுவனமே ஜி.எல்-5 கேட்கிறது. ஆகவே ‘ஜி.எல்-5 கெடுதல்’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவர்களையும் நான் நம்புவதில்லை.

பித்தளையை அது தின்றுவிடும் என்ற பேச்சிலும் பாதி உண்மை, பாதி மிகை. வெள்ளிக் கொலுசைக் கறுக்க வைக்கும் அதே கந்தகம் சூட்டில் செம்புக் கலவைகளையும் தாக்கும் என்பது உண்மை. அதனால்தான் துலக்கிய செப்புத் தகட்டை 121 டிகிரி ஆயிலில் 3 மணி நேரம் வைத்து, எவ்வளவு கறுக்கிறது என்று பார்க்கும் சோதனையே இருக்கிறது. ஆனால் இன்றைய சேர்மங்கள் பழையவற்றை விட அடக்கமானவை. என் அனுபவத்தில் உடனே தெரிந்த கெடுதல் அரிப்பு அல்ல, வழுக்கல்தான்.

அந்த ஜி.எல்-5 ஆயிலை 1,100 கிலோமீட்டர் ஓடியதுமே வீட்டிலேயே இறக்கினேன். இறக்கும் போல்ட்டைத் தொடுவதற்கு முன் நிரப்பும் போல்ட் கழலுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் காலிப் பெட்டியோடு வண்டி வாசலில் நிற்கும். வெள்ளை எனாமல் தட்டில் விழுந்த ஆயிலை வெயிலில் சாய்த்துப் பார்த்தபோது, ஜரிகைத் தூள் உதிர்ந்தது போலப் பொன்னிறத்தில் மினுக்கியது. இரும்புத் தூள் என்றால் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறச் சேறாக ஒட்டியிருக்கும். பித்தளை காந்தத்தில் ஒட்டாது. அது என் இரண்டாவது கியரின் சின்க்ரோ என்பதை அறிய எனக்கு நிபுணர் யாரும் தேவைப்படவில்லை.

மூன்றாவது ஆயிலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எஸ்டர் என்னும் செயற்கை எண்ணெய் அடிப்படையிலானது, 75டபிள்யூ-90, டப்பாவில் ஜி.எல்-4, ஜி.எல்-5 இரண்டும் போட்டிருந்தது. இரண்டு பக்கமும் நல்லவனாக இருக்கப் பார்த்து, குளிரில் ஜி.எல்-5 போலவே நடந்துகொண்டது. எட்டு மாதத்தில் அதற்கும் விடை கொடுத்தேன்.

நான்காவது, இப்போது உள்ளே இருப்பது: ஜி.எல்-4 மட்டும் என்று போட்ட 75டபிள்யூ-90. இதன் அருமை குன்னூரில் தெரியாது, கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில்தான் தெரியும். ஆண்டுக்கு நான்கைந்து நாள் அங்கே ஓட்டுகிறேன். மெலிசான நிறுவன ஆயிலில் இருபது நிமிடம் ஓட்டினால் கியர் பாக்ஸின் ஊளைச் சத்தம் கூடும், மூன்றாவது கியர் மெல்ல மெல்லக் கறாராகும். இந்த ஆயிலில் முதல் சுற்றுக்கும் கடைசிச் சுற்றுக்கும் வித்தியாசமே தெரிவதில்லை. நேர்ப்பாதை முடிந்து பிரேக்கை மிதித்தபடி நான்கிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து இரண்டு என்று இறக்கும்போது, லிவர் கையோடு வருவதற்குப் பதிலாகக் கைக்கு முன்னால் போய் நிற்கிறது. அந்தக் ‘டக், டக்’ உள்ளங்கையில் படும் சுகத்தை விவரித்தால் ஓட்டாதவர்களுக்குச் சலிப்பாக இருக்கும்.

எண்களும் இதையேதான் சொல்கின்றன. கியர் ஆயிலின் கெட்டித்தன்மையை வகுக்கும் எஸ்.ஏ.இ. அளவுப்படி 100 டிகிரியில் 80 என்பது 8.5 முதல் 11 சென்டிஸ்டோக் (பாகுத்தன்மையின் அலகு). 90 என்பது 13.5 முதல் 18.5. சூட்டில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கெட்டி என்பதால் பற்களின் நடுவே படலம் நிற்கிறது. முன்னால் உள்ள 75டபிள்யூ இரண்டுக்கும் பொதுதானே, அப்படியானால் குளிரில் இரண்டும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும் என்று நானும் ஏமாந்தேன். அந்த எண், மைனஸ் 40 டிகிரியில் பாகுத்தன்மை 1,50,000 சென்டிபாய்ஸை (இதுவும் பாகுத்தன்மையின் ஓர் அலகு) தாண்டக் கூடாது என்ற மேல்வரம்பை மட்டும் சொல்கிறது. வரம்புக்குள் யார் எங்கே நிற்கிறார் என்பதையோ, குன்னூரின் 8 டிகிரியில் எப்படி இருப்பார் என்பதையோ அது சொல்வதில்லை. எஞ்சின் ஆயில் எண்ணோடு இதை ஒப்பிடவும் கூடாது, அளவுகோலே வேறு. இந்த 90, சூட்டில் எஞ்சின் ஆயிலின் 40-க்குப் பக்கத்தில்தான் வரும்.

ஆக, கணக்குப் பார்த்தால் தீர்ப்பு தெளிவு. ஆண்டில் ஐந்து நாள் சுகத்துக்காக மீதி முந்நூற்றுச் சொச்சம் காலைகளில் இரண்டாவது கியரோடு மல்லுக்கட்டுகிறேன். அதற்கு நிறுவன ஆயிலை விட அதிக விலையும் கொடுக்கிறேன். ஏற்கனவே தேய்ந்த சின்க்ரோவை எந்த ஆயிலும் புதிதாக்காது என்பதும் எனக்குத் தெரியும். இன்று காலைகூடப் பால் வாங்கப் போகும் வழியில் அந்தக் ‘கரக்’ கேட்டு, எதிரே வந்தவர் திரும்பிப் பார்த்தார்.

நண்பருக்கு, கையேட்டில் போட்டிருக்கும் நிறுவன ஆயிலையே ஊற்றுங்கள், வேறெதையும் தொடாதீர்கள் என்று எழுதி அனுப்பிவிட்டேன். எனக்கு அதே ஜி.எல்-4, 75டபிள்யூ-90 இன்னும் இரண்டு லிட்டர் நேற்றுதான் வந்து சேர்ந்தது.