‘ஆல்கலி லிக்னின்’ என்று எழுதியிருந்த பழுப்புத் தூள்

மரத்தின் நார்களை இறுகப் பிணைத்து வைக்கும் பொருளான லிக்னினைச் சவுக்கு மரத்தூளிலிருந்து பிரித்தெடுத்து ஆராயும் சிறு ஆய்வு ஒன்றுக்காக, ஒப்பீட்டு மாதிரியாகப் பயன்படட்டும் என்று, ஆய்வக வேதிப்பொருள்களை இணையவழி விற்கும் ஒரு நிறுவனத்திடமிருந்து அரைக் கிலோ ‘ஆல்கலி லிக்னின்’ வரவழைத்தோம். மூன்று மாதம் அதனோடு புழங்கிய பிறகே இதை எழுதுகிறேன். தூளின் தரத்தில் எனக்குப் பெரிய மனக்குறை இல்லை. குப்பியின் மேல் இருந்த பெயரோடு உள்ளிருந்த பொருள் ஒத்துப்போகவில்லை என்பதே என் முறையீடு.

சொன்ன நாளில் வந்தது. மூடி இறுக்கமாக இருந்தது, தூள் கட்டி தட்டவில்லை, நிறம் கரும்பழுப்பு. மூக்கருகே கொண்டுபோனபோது மெல்லிய புகைவாடையும் கொஞ்சம் வெனிலா மணமும் கலந்து வந்தன. வெனிலா மணத்துக்குக் காரணமான வெனிலினை லிக்னினிலிருந்தே தொழிற்சாலை அளவில் எடுக்கிறார்கள் என்பதால் அதில் வியப்பு இல்லை.

முதல் ஐயம் சாதாரணத் தண்ணீரில் எழுந்தது. ஒரு சிட்டிகைத் தூளை வாலை வடிநீரில் போட்டு ஆட்டியதும், அடியில் எதுவும் தங்காமல் காப்பி டிகாஷன் போலக் கரைந்துவிட்டது. காகித ஆலைகளில் மரச்சில்லுகளைச் சோடியம் ஹைட்ராக்சைடும் சோடியம் சல்பைடும் கலந்த கரைசலில் ஏறத்தாழ 170 டிகிரி செல்சியஸில் வேகவைக்கும் கிராஃப்ட் முறையில், லிக்னினின் ஈதர் பிணைப்புகள் அறுந்து ஃபீனால் தொகுதிகள் வெளிப்படுகின்றன. அவை காரத்தில் அயனியாகி இருக்கும்வரை லிக்னின் கரைந்திருக்கும், அமிலம் சேர்த்தால் வீழ்படிவாகிவிடும், அப்படிக் கழுவி உலர்த்திய தூள் வெறும் தண்ணீரில் கரையாது. ஆகவே நம் குப்பியில் இருந்தது ஒன்று கழுவப்படாத சோடியம் உப்பாக இருக்க வேண்டும், அல்லது நீரில் எளிதில் கரையவைக்கும், கந்தகம் கொண்ட சல்ஃபோனேட் தொகுதி ஏற்றப்பட்ட லிக்னினாக (லிக்னோசல்ஃபோனேட்) இருக்க வேண்டும். இரண்டையும் பிரித்தறிய ஐந்து நிமிடம் போதும். கரைசலில் நீர்த்த கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு பி.எச். 2 வரை இறக்கினோம். சோடியம் உப்பாக இருந்திருந்தால் பழுப்புத் துகள்கள் திரண்டு அடியில் இறங்கியிருக்கும். இங்கே இலேசான கலங்கல் மட்டும் தோன்றியது. நிறத்தில் பெரும்பகுதி கரைசலிலேயே நின்றது. அமிலத்துக்கும் அசையாமல் கரைந்து நிற்பது சல்ஃபோனேட்டின் குணம்.

விற்பனையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பகுப்பாய்வுச் சான்றிதழ் கேட்டோம். பத்து நாள் கழித்து வந்த ஒரு பக்கத் தாளில் ஈரப்பதமும் தோற்றமும் இருந்தனவே தவிர, எந்த மரம், எந்த முறை, கந்தகம் எவ்வளவு என்ற மூன்று கேள்விக்கும் விடை இல்லை. லிக்னினை வாங்குகிறவருக்கு இந்த மூன்றைவிட முக்கியமான தகவல் வேறில்லை. ‘ஆல்கலி’ என்ற சொல், காரத்தில் எடுக்கப்பட்டது என்பதைக் குறிக்கிறதா, கரைத்தால் கரைசல் காரத்தன்மை காட்டும் என்பதைக் குறிக்கிறதா என்று திரும்பக் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

மேலும் சில சோதனைகள் செய்தோம். உலையில் எரித்தபோது, கழுவிய லிக்னினில் எதிர்பார்க்கக்கூடியதைவிட மிகக் கூடுதலான வெண்சாம்பல் எஞ்சியது. சோடியம் உப்புகள்தாம் அவை. அகச்சிவப்பு நிறமாலையில் (எண்கள் செ.மீ.⁻¹ அலகில்) 1510ஐ ஒட்டிய அரோமாட்டிக் வளையத்தின் முகடு தெளிவாகத் தெரிந்ததால் இது லிக்னின் வகை என்பதில் ஐயமில்லை. லிக்னினின் கட்டுமான அலகுகளில் குவையாசிலைக் காட்டும் வலுவான முகடு 1270 அருகில் இருந்து, வன்மரங்களில் மிகுந்திருக்கும் சிரிஞ்சிலைக் காட்டும் 1330 அருகில் ஏறக்குறைய ஒன்றும் இல்லாததால், பைன் போன்ற மென்மரத்திலிருந்து வந்தது என்றும் ஊகிக்கலாம். 1040 அருகே எழுந்த பெரிய முகடு சல்ஃபோனேட் கதையை உறுதி செய்தது. லிக்னின் அளவைக் கணக்கிடும் கிளாசன் முறையை மட்டும் இந்தத் தூளின்மேல் யாரும் முயன்று பார்க்க வேண்டாம். 72 விழுக்காடு கந்தக அமிலத்தில் ஊறவைத்து, நீர்த்து, கொதிக்கவைத்து, கரையாமல் மிஞ்சுவதை எடைபோடும் அந்த முறை, லிக்னின் அமிலத்தில் கரையாது என்ற அடிப்படையில் நிற்பது. அமிலத்தில் கரையும் தூளை அதில் இட்டால் லிக்னினே இல்லை என்பதுபோல் எண் வரும். எங்கள் மாணவர் ஒருவர் இரண்டு நாள் அதில் செலவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

ஒப்பிடுவதற்கு எங்கள் சவுக்கு லிக்னின் கையில் இருந்தது. சவுக்கின் ஊசிபோன்ற பசுங்கிளைகளைப் பார்த்துப் பைனின் உறவு என்று எண்ணத் தோன்றும். ஆனால் அது பூக்கும் தாவரம், வன்மரம், அதன் லிக்னினில் குவையாசில் அலகுகளோடு சிரிஞ்சில் அலகுகளும் உண்டு. மரத்தூளைச் சலித்து, பிசினும் கொழுப்பும் லிக்னின் கணக்கில் சேராதிருக்க முதலில் கரைப்பானைத் திரும்பத் திரும்பச் சுழலவிடும் சாக்ஸ்லெட் கருவியில் அசிட்டோனால் கழுவி, பிறகு சல்பைடு சேர்க்காமல் சோடியம் ஹைட்ராக்சைடில் மட்டும் அழுத்தக் கலத்தில் வேகவைத்து, வடித்த கருநிறக் கரைசலை அமிலத்தால் திரளவைத்தோம். வடிகட்டுவதுதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை: திரண்டது கூழ்போல் தாளின் துளைகளை அடைத்துவிடும். கரைசலை இளஞ்சூடாக வைத்திருந்தபோது துகள்கள் பருத்து, வேலை எளிதாயிற்று. கிடைத்த தூள் வெளிர் பழுப்பு. தண்ணீரில் கரையவில்லை, நீர்த்த காரத்தில் கரைந்தது, நிறமாலையில் 1330 முகடு தெளிவாக நின்றது. குப்பித் தூளையும் இதையும் ஒரே பட்டியலில் ‘லிக்னின்’ என்று எழுதி ஒப்பிட்டிருந்தால், மரத்தின் வேறுபாடு எது, முறையின் வேறுபாடு எது என்று ஒருவராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

நண்பர் ஒருவரின் ஆய்வகத்திலிருந்து சிறிதளவு வாங்கிப் பார்த்த இண்டுலின் ஏ.டி. என்ற அமெரிக்கத் தயாரிப்பு இந்த வகையில் நேர்மையானது: பைன் மரத்தின் கிராஃப்ட் லிக்னின் என்று சொல்லி விற்கப்படுகிறது, அப்படியே நடந்துகொள்கிறது. ஒப்பீட்டு மாதிரி தேடுகிறவர்கள் அத்தகைய ஒன்றைத் தேடிப்பிடிப்பது நல்லது. ஆனால் அதுவும் ஆலையின் கொதிகலத்தைத் தாண்டி வந்ததுதான். மரத்துக்குள் இருந்த லிக்னினில் அலகுகளைக் கோக்கும் பிணைப்புகளில் பாதி அளவு பீட்டா-ஓ-4 எனப்படும் ஈதர் பிணைப்பு. கிராஃப்ட் சமையலில் அதில் பெரும்பகுதி போய்விடுகிறது. இயற்கை அமைப்பையே ஆராய விரும்புகிறவர், 1950களில் ஸ்வீடனின் ஆண்டர்ஸ் பியோர்க்மன் வகுத்த வழியில், மரத்தூளைக் குண்டு அரைவையில் நாள்கணக்கில் அரைத்து, சிறிது நீர் கலந்த டையாக்சேனில் கரைத்தெடுப்பதே பொருத்தம். கிடைப்பது குறைவு, டையாக்சேன் நச்சுக் கரைப்பான், வெளியேற்றுக் கூண்டின்றித் தொடக்கூடாது. இருந்தும் கடையில் விற்கும் எந்தக் குப்பியும் அதற்கு ஈடில்லை.

இந்த விற்பனையாளரிடம் திரும்ப வாங்க மாட்டேன். தூளை மட்டும் பார்த்தால், நிலக்கரித் தூளைச் சேர்த்துக் கட்டவோ, சாயத்தைத் தண்ணீரில் பரப்பவோ, நீரில் கரையும் லிக்னின் தேவைப்படுகிற வேறு வேலைக்கோ இதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். எங்கள் குப்பியில் மீந்த முக்கால்வாசியைக் கட்டடவியல் துறை நண்பர் மகிழ்ச்சியோடு எடுத்துப்போனார். தண்ணீரைக் குறைத்தும் கான்கிரீட்டை இளக்கமாக வைத்திருக்க லிக்னோசல்ஃபோனேட்டைக் கலப்பது அவர்கள் துறையில் பழைய வழக்கம். போகும்முன் பெயர்த்தாளின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, சரியான பெயரை எழுதிக் கொடுத்தனுப்பினேன்.