ஜப்பானில் ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவர்களுக்கு: வாரம் 29.5 மணி என்ற வரியில் நான் இழந்தவை

இரண்டு வாரங்களுக்கு முன்பு என் கல்லூரித் தோழியின் தங்கை ஒரு வேலை ஒப்பந்தத்தை எனக்கு அனுப்பி, “அக்கா, கையெழுத்துப் போட்டுவிடலாமா?” என்று கேட்டிருந்தாள். வரும் ஏப்ரலில் ஜப்பானிய அரசுப் பள்ளிகளில் ஆங்கில உதவி ஆசிரியராகச் சேர்வதற்கான ஒப்பந்தம் அது. இரண்டாம் பக்கத்தில் வேலை நேரம் வாரத்துக்கு 29.5 மணி என்று கண்டதும் எனக்கு வயிறு கலங்கியது. 2019இல் நான் கையெழுத்திட்ட தாளிலும் இதே எண் இருந்தது. அப்போது அதன் பொருளை எனக்குச் சொல்ல யாரும் இல்லை. இது ஒரு நிறுவனத்தோடு முடிகிற கதை அன்று என்பதால் என்னை வேலைக்கு எடுத்த நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஜப்பானியப் பள்ளிகளில் வகுப்பாசிரியரோடு சேர்ந்து ஆங்கிலம் கற்பிக்கும் வெளிநாட்டவரை ஏ.எல்.டி. என்பார்கள். இந்த வேலைக்குப் பொதுவாக இரண்டு வழிகள் உண்டு. 1987இல் அரசு தொடங்கிய ஜெட் திட்டத்தில் வருபவர்களை உள்ளாட்சி அமைப்பே நேரடியாகப் பணியமர்த்துகிறது. மற்றவர்களை இடைத்தரகு நிறுவனங்கள் வேலைக்கு எடுத்து, கல்வி வாரியத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி பள்ளிகளுக்கு அனுப்புகின்றன. நான் இரண்டாவது வழியில் போனேன். பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கில வழியில் படித்ததற்குச் சான்று இல்லாமல் ஆசிரியர் விசா கிடைக்காது என்பதால், நான் படித்த மெட்ரிகுலேஷன் பள்ளியில் தலைமையாசிரியரைப் பார்த்துக் கடிதம் வாங்கியதில் தொடங்கி, ஆறு மாதம் அலைந்துதான் அந்த வேலையைப் பெற்றேன். அவ்வளவு பாடுபட்டு வாங்கிய வேலையின் ஒப்பந்தத்தை, வந்து இறங்கிய மூன்றாம் நாள், பயிற்சி நடந்த விடுதியில், தூக்கக் கலக்கத்தில் கால் மணி நேரத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.

பள்ளி குன்மா மாகாணத்தில், ரயில் நிலையத்திலிருந்து வெகு தொலைவில் இருந்த ஒரு சிற்றூரில் இருந்தது. மாதச் சம்பளம் 230,000 யென். வீட்டு வாடகை 45,000 யென்னையும், கார் இல்லாமல் பள்ளிக்குப் போக முடியாது என்பதால் நிறுவனமே குத்தகைக்குக் கொடுத்த காருக்கு 38,000 யென்னையும் சம்பளத்திலேயே பிடித்துக்கொண்டார்கள். இவை முன்பே தெரிந்தவை. குறை சொல்ல மாட்டேன். ஆனால் கோடை விடுமுறையில் பள்ளி நாற்பது நாள் போல மூடிக்கிடந்தபோது, ஆகஸ்ட் மாதச் சம்பளமாக 115,000 யென்தான் வந்தது. வாடகை, கார், ஓய்வூதியக் கட்டணம் மூன்றையும் கழித்தால் பெட்ரோலுக்கும் சாப்பாட்டுக்கும் நின்றது 15,590 யென். நிறுவனத்தைக் கேட்டபோது ஒப்பந்தத்தின் ஏழாம் பக்கத்தைக் காட்டினார்கள். பாட நாள் குறைந்த மாதங்களில் சம்பளம் விகிதப்படி குறையும் என்று அங்கே தெளிவாகவே எழுதியிருந்தது. விளம்பரத்தில் ‘மாதம் 230,000’ என்று மட்டும் போட்டுவிட்டு இதை ஏழாம் பக்கத்தில் வைப்பது நேர்மையில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் கையெழுத்திட்டவள் நான்.

இனி அந்த 29.5 மணிக்கு வருகிறேன். ஜப்பானில் முழுநேர ஊழியரின் வேலை நேரத்தில் நான்கில் மூன்று பங்கு, அதாவது வாரம் 40 மணி என்ற கணக்கில் 30 மணி நேரம், ஒருவர் வேலை செய்தால், அவரை ‘ஷகாய் ஹோகென்’ என்ற ஊழியர் காப்பீட்டில் சேர்ப்பது நிறுவனத்தின் கடமை. அதில் மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும் அடங்கும். கட்டணத்தில் பாதியை நிறுவனம் கட்ட வேண்டும். அந்தப் பாதியைத் தவிர்க்கத்தான் அரை மணி நேரத்தைக் குறைத்து எழுதுகிறார்கள். என் தாளில் நாளொன்றுக்கு 5.9 மணி நேரம் என்றிருந்தது. உண்மையில் காலை 8.10க்கு ஆசிரியர் அறையில் இருந்தாக வேண்டும், மாலை 4.15 வரை வெளியே போகக் கூடாது. பாடங்களுக்கு நடுவிலான இடைவெளிகளையும், பிள்ளைகளோடு வகுப்பில் அமர்ந்து பள்ளி மதிய உணவு சாப்பிடும் நேரத்தையும் ‘வேலையில்லாத நேரம்’ என்று கணக்கில் கழித்துவிட்டார்கள். அந்த உணவு வேளையில்தான் பிள்ளைகள் தயக்கம் விட்டு என்னிடம் ஆங்கிலம் பேசினார்கள். என்னைக் கேட்டால் நான் செய்த வேலைகளில் நல்ல வேலை அதுதான்.

ஊழியர் காப்பீடு இல்லாததால் நகர அலுவலகத்துக்குப் போய்த் தேசிய மருத்துவக் காப்பீட்டிலும் தேசிய ஓய்வூதியத்திலும் நானே சேர்ந்தேன். ஓய்வூதியத்துக்கு மட்டும் அந்த ஆண்டு மாதம் 16,410 யென் முழுவதும் என் பணம். மருத்துவக் கட்டணம் முதல் ஆண்டில் குறைவாக இருந்தது, ஏனென்றால் அது முந்தைய ஆண்டின் ஜப்பானிய வருமானத்தை வைத்துக் கணக்கிடப்படுவது; இரண்டாம் ஆண்டில் ஏறும் என்று அலுவலகப் பெண்மணியே பொறுமையாக எழுதிக் காட்டினார்.

வகுப்பறையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். கல்வி வாரியத்தோடு நிறுவனம் செய்திருந்தது ‘கியோமு இதாக்கு’ என்ற வேலை ஒப்படைப்பு ஒப்பந்தம். அந்த முறையில் பள்ளி ஆசிரியர் எனக்கு நேரடியாக எந்த வேலையும் சொல்லக் கூடாது. சொன்னால் அது சட்டமீறல் ஆகிவிடும். ஒரே வகுப்பில் இருவர் சேர்ந்து பாடம் நடத்துகிறோம், ஆனால் அடுத்த வாரம் எந்தப் பாடம் என்று அவரிடம் நான் கேட்டால், “கம்பெனியிடம் கேளுங்கள், சென்செய் (ஆசிரியரே)” என்று வருத்தத்தோடு சொல்வார். கம்பெனியை அழைத்தால், பள்ளியிலிருந்து இன்னும் தகவல் வரவில்லை என்பார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேர் முன்னால், என்ன பாடம் என்று தெரியாமல் எத்தனையோ காலைகளில் நின்றிருக்கிறேன். ஏமாந்தது நான் மட்டுமல்ல, அந்தப் பிள்ளைகளும்தான்.

நவம்பரில் குடல்வால் அழற்சி வந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவருக்குப் பத்து நாள் சம்பளத்தோடு கூடிய விடுப்பு உண்டு என்று தொழிலாளர் தரநிலைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு சொல்கிறது. அக்டோபரிலேயே எனக்கு அந்த உரிமை வந்துவிட்டது. மருத்துவமனைப் படுக்கையிலிருந்து அன்றிரவே, அடுத்த எட்டு வேலை நாள்களுக்கு விடுப்புக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். ஐந்து நாளை நிறுவனம் குளிர்கால விடுமுறைக்கு ஒதுக்கிவிட்டது என்றும், மீதி ஐந்துக்கு இரண்டு வாரம் முன்பே விண்ணப்பித்திருக்க வேண்டும் என்றும் பதில் வந்தது. வராத ஒன்பது நாளுக்கும் சேர்த்து 103,500 யென் பிடித்தார்கள். ஊழியர் காப்பீட்டில் இருந்திருந்தால், நோயால் வேலைக்குப் போகாத நான்காம் நாளிலிருந்து சம்பளத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உதவித்தொகையாக வந்திருக்கும். தேசியக் காப்பீட்டில் இருந்த எனக்கு அதுவும் இல்லை. அந்த அரை மணி நேரத்தின் விலை எனக்கு அங்கேதான் புரிந்தது.

உடல் தேறாததால், பிப்ரவரி இறுதியில் விலகுவதாக ஜனவரி தொடக்கத்தில் மருத்துவச் சான்றோடு கடிதம் கொடுத்தேன். “உங்கள் விசா எங்களுடையது, விலகினால் ரத்தாகிவிடும்” என்று ஒருங்கிணைப்பாளர் தொலைபேசியில் சொன்னார். இரண்டு இரவு தூங்கவில்லை. அது முழுப் பொய். வசிப்பு அனுமதி குடிவரவுத் துறை தனிமனிதருக்குத் தருவது. நிறுவனம் அதைப் பறிக்க முடியாது. வேலை மாறினால் 14 நாளுக்குள் அத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தக்க காரணம் இன்றி மூன்று மாதத்துக்கு மேல் உரிய பணியில் இல்லாதிருந்தால்தான் அந்த அனுமதி ரத்தாக வாய்ப்புண்டு. பள்ளியிலிருந்து தனியார் ஆங்கிலப் பயிற்சி மையத்துக்கு மாறுபவர்கள் மட்டும் கவனியுங்கள்: அதற்கு விசாவின் வகையையே மாற்ற வேண்டியிருக்கும்.

கடைசிச் சம்பளத்தில் ‘இடையில் விலகும் கட்டணம்’ என்று 100,000 யென் குறைந்திருந்தது. இதுவும் ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததுதான். ஆனால் இங்கே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு அபராதம் என்று முன்கூட்டியே தொகை குறிப்பது தொழிலாளர் தரநிலைச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி தடை செய்யப்பட்டது; நாம் கையெழுத்திட்டிருந்தாலும் அது செல்லாது. சம்பளத்தை முழுமையாகக் கொடுக்க வேண்டும் என்பது 24ஆம் பிரிவு. ஒரு தொழிற்சங்கத்தைத் தொலைபேசியில் அழைத்தபோதுதான் இவற்றைத் தெரிந்துகொண்டேன்.

தொழிலாளர் தரநிலைக் கண்காணிப்பு அலுவலகத்துக்கு ஒப்பந்தம், பதினொரு சம்பளச் சீட்டுகள், மருத்துவமனையிலிருந்து அனுப்பிய மின்னஞ்சலின் அச்சு, நான் தினமும் வந்து போன நேரத்தைக் குறித்த சிறு நோட்டு ஆகியவற்றோடு போனேன். கட்டணம் ஏதுமில்லை. அதிகாரி அபராதம் பற்றிய வரியை விரலால் தொட்டு ஒருமுறைக்கு இருமுறை படித்தார். ஐந்து நாள் விடுப்பை நிறுவனமே ஒதுக்குவதற்கு ஊழியர் தரப்போடு எழுத்து உடன்பாடு வேண்டும் என்றும், அதைக் காட்டும்படி நிறுவனத்தைக் கேட்பதாகவும் சொன்னார். அவர்களிடம் அப்படி ஒன்று இல்லை. திருத்தப் பரிந்துரை போன ஐந்தாவது வாரம், அபராதம் 100,000 யென்னும் எட்டு நாள் விடுப்புச் சம்பளம் 92,000 யென்னும் என் கணக்குக்கு வந்தன.

காப்பீட்டில் மட்டும் எனக்கு எதுவும் திரும்பவில்லை. அது ஓய்வூதிய அலுவலகத்தின் பொறுப்பு என்றார்கள். அங்கே போனால் ஒப்பந்தத்தில் உள்ள மணிக்கணக்கிலிருந்து பேச்சைத் தொடங்கினார்கள். என் நோட்டை வைத்து மேலும் போராடியிருக்கலாம். அப்போது அதற்குத் தெம்பில்லை. அதற்குப் பிறகு சட்டம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது: 2022 அக்டோபர் முதல் குறைந்தது 101 ஊழியர்களும், 2024 அக்டோபர் முதல் குறைந்தது 51 ஊழியர்களும் உள்ள நிறுவனங்களில், பிற நிபந்தனைகள் பொருந்தினால், வாரம் குறைந்தது 20 மணி வேலை செய்பவரையும் சேர்க்க வேண்டும். சிறிய நிறுவனங்களில் பழைய கணக்கு இன்னும் ஓடுகிறது.

வாடகையைச் சம்பளத்தில் பிடிக்கும் ஏற்பாட்டையும் எச்சரிக்கையோடு பாருங்கள். 2007 அக்டோபரில் நோவா என்ற மாபெரும் ஆங்கிலப் பயிற்சி நிறுவனம் வீழ்ந்தபோது, ஆயிரக்கணக்கான வெளிநாட்டு ஆசிரியர்களுக்குச் சம்பளம் நின்றது. அவர்களிடம் பிடித்த வாடகை வீட்டு உரிமையாளர்களுக்குப் போய்ச் சேராததால் சிலர் வீட்டையும் காலி செய்ய நேர்ந்தது.

தோழியின் தங்கைக்கு இதையெல்லாம் சொல்லி, நிறுவனத்திடம் எழுத்தில் மூன்று கேள்விகள் கேட்கச் சொன்னேன்: ஆகஸ்ட், டிசம்பர், மார்ச் மாதங்களில் கையில் வரும் தொகை எவ்வளவு, ஊழியர் காப்பீட்டில் சேர்ப்பீர்களா, இடையில் விலகினால் பணம் பிடிப்பீர்களா. முதல் கேள்விக்கு ஒரு பட்டியல் வந்தது. ஆகஸ்டில் ஏறத்தாழ பாதி. இரண்டாவதற்கு ‘இல்லை’ என்று ஒற்றைச் சொல். மூன்றாவதற்கு, அது எல்லா ஆசிரியர்களுக்கும் பொதுவான விதி என்று எழுதியிருக்கிறார்கள். கையெழுத்திட அவளுக்கு இம்மாத இறுதி வரை நேரம் இருக்கிறது. நேற்றிரவு அழைத்து, அந்த மூன்றாவது பதிலை அப்படியே பத்திரமாக வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.