பாடம் எடுக்கத் தேவையில்லாத 50 நிமிடங்கள்: நான்கு வருட கவுன்சலிங் அனுபவம்

நான் திருநம்பி, அதாவது பிறந்தபோது பெண் என்று குறிக்கப்பட்ட ஆண். வயது 36. எனக்கு ஆட்டிசம் இருப்பது 32 வயதில்தான் தெரிந்தது. சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். வேலை சென்னையில், ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில். 2021 செப்டம்பரிலிருந்து நான்கு வருடம் ஒரே உளவியல் ஆலோசகரிடம் போயிருக்கிறேன். முதல் இரண்டு வருடம் வாரம் ஒருமுறை, அடுத்த வருடம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதற்கப்புறம் மாதம் ஒருமுறை. நோட்டில் குறித்து வைத்த கணக்குப்படி 130 அமர்வுகளைத் தாண்டிவிட்டது. என்னைப் போன்றவர்கள் கவுன்சலிங் போகலாமா, போனால் என்னதான் நடக்கும் என்று கேட்கிறார்கள். நடந்ததை எழுதுகிறேன்.

இவருக்கு முன்னால் இரண்டு பேரைப் பார்த்திருக்கிறேன். முதலாமவர் ஒரு மனநல மருத்துவர். என்னை வெளியே உட்கார வைத்துவிட்டு அப்பாவிடம், "ரெண்டு மாசத்துல சரி பண்ணிடலாம், கல்யாணத்துக்குப் பாருங்க" என்றார். அவர் கொடுத்த மாத்திரையில் பகல் முழுவதும் தூங்கினேன். இரண்டாமவர் நல்ல மனுஷி, அன்பாகத்தான் பேசினார். ஆனால் திருநம்பி என்றால் என்ன, திருநங்கையிலிருந்து எப்படி வேறு, தன்பாலீர்ப்பு என்பது இதுதானா என்று ஒவ்வொரு வாரமும் நான்தான் விளக்க வேண்டியிருந்தது. 12 அமர்வுகள். பாடம் எடுத்தது நான், பணம் கட்டியதும் நான். எனக்கு ஆட்டிசமாக இருக்கலாம் என்று ஒரு தோழி சொன்னதை அவரிடம் சொன்னேன். "அப்படின்னா ஆம்பளைன்னு தோணுறதே அந்தக் குழப்பத்தாலதான் இருக்கும்" என்றார். அன்றோடு நிறுத்திவிட்டேன்.

திரும்பவும் ஒருவரைத் தேடலாம் என்ற தைரியம் வந்ததற்கு ஒரு தீர்ப்புதான் காரணம். ஒருவரையொருவர் காதலித்து, மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு இளம்பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவு போட்டார். பால்புதுமையினரை, அதாவது தன்பாலீர்ப்பு உள்ளவர்கள், திருநர்கள் போன்றவர்களை, மருத்துவத்தின் பெயரால் 'மாற்ற' முயல்வதற்குத் தடை விதித்த உத்தரவு அது. அதற்கு முன்பே, இந்த விஷயத்தில் தன்னிடம் முன்முடிவுகள் இருப்பதை ஒப்புக்கொண்டு, புரிந்துகொள்வதற்காக அவரே ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்திருக்கிறார். அதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அழுதேன். ஒரு நீதிபதியே கற்றுக்கொள்ளப் போகிறார் என்றால், கற்றுக்கொண்ட ஒரு ஆலோசகர் இந்த ஊரில் இல்லாமலா போவார் என்று தோன்றியது. (மறுவருடம் தேசிய மருத்துவ ஆணையமும் இப்படி மாற்ற முயல்வதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. யாராவது மருத்துவர் உங்களிடம் அந்தப் பேச்சை எடுத்தால், மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம்.)

நண்பர்கள் வழியாக இப்போதைய ஆலோசகரின் எண் கிடைத்தது. முதல் போனில் அவர் கேட்டது இரண்டே கேள்விதான். "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" "நான் போன் பண்ணும்போது வீட்டுல வேற யாராவது எடுத்தா, எந்தப் பேரைச் சொல்லிக் கேட்கட்டும்?" இரண்டாவது கேள்வியில் நான் அசந்துபோனேன். நாங்கள் இரண்டு பெயரோடு வாழ்கிறவர்கள், தவறான இடத்தில் தவறான பெயர் விழுந்தால் அன்றைக்கு வீட்டில் என்ன நடக்கும் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆட்டிசம் பற்றியும் அப்படித்தான். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவை வைத்து 2020இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை அவர்தான் எடுத்துக் காட்டினார். மற்றவர்களைவிடத் திருநர்களிடமும் ஆண், பெண் என்ற இரண்டுக்குள் அடங்காத பாலினப் பன்மை உள்ளவர்களிடமும் ஆட்டிசம் இருக்கும் வாய்ப்பு 3 முதல் 6 மடங்கு அதிகம் என்கிறது அது. "ரெண்டும் சேர்ந்து இருக்கிறது சகஜம். ஒண்ணு இருக்கிறதால இன்னொண்ணு பொய்யாகாது" என்றார். முறையான மதிப்பீட்டுக்கு வேறொரு மருத்துவ உளவியலாளரிடம் அனுப்பினார். அங்கே குழந்தைப் பருவத்தைப் பற்றி வீட்டு ஆட்களிடம் கேட்க வேண்டும் என்றார்கள். அம்மாவிடம் என்ன சொல்லி அழைப்பது என்று மூன்று அமர்வுகள் யோசித்தோம். கடைசியில் அம்மா போனிலேயே பேசினாள். மிட்டாயை நிறவாரியாக அடுக்கி வைத்துவிட்டுத் தின்னாமலே தூங்கிவிடுவேனாம், மிக்சி ஓடினால் தெருவுக்கு ஓடுவேனாம்.

அந்த அறையில் அவர் செய்த மாற்றங்கள் சின்னவை. டியூப்லைட் இரைச்சல் என்னைப் படுத்துகிறது என்றதும் அதை அணைத்துவிட்டு மேசை விளக்கைப் போட்டார். முகத்தைப் பார்த்துப் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. கையில் ஒரு சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டே இருப்பேன். அன்றைக்கு என்னென்ன பேசப்போகிறோம் என்பதை முந்தின நாளே வாட்ஸ்அப்பில் நான்கு வரியாக அனுப்பிவிடுவார். பேச்சு வராத நாளில் எழுதிக் காட்டலாம், அதற்கும் தடையில்லை.

உண்மையில் எனக்குப் பெரிய திருப்பம் மொழியில் நடந்தது. முதல் சில மாதங்கள் ஆங்கிலம் கலந்துதான் பேசினோம். "இப்ப என்ன ஃபீல் பண்றீங்க?" என்று கேட்டால் எனக்குள் ஒன்றுமே இருக்காது, வெறும் சுவர். ஆங்சைட்டி, சேட்னஸ் என்று ஒரு பட்டியலைக் காட்டி எதையாவது தொடச் சொன்னார். அதிலும் எதுவும் ஒட்டவில்லை. உணர்ச்சிக்குப் பெயர் வைக்கும் இந்தச் சிரமம் ஆட்டிசம் உள்ள பலருக்கும் உண்டு, அதை அலெக்சிதைமியா என்பார்கள். ஒருநாள் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்லும்போது, "மேனேஜர் கூப்பிட்டாலே வயித்தைப் பிசையுது" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இதைத்தானே இத்தனை நாளா தேடிக்கிட்டிருந்தோம்?"

அன்றிலிருந்து ஒரு நோட்டு போட்டோம். வயிற்றைப் பிசைகிறது. தொண்டையை அடைக்கிறது. நெஞ்சு படபடக்கிறது. காது அடைக்கிறது. உடம்பு கூசுகிறது. தமிழில் உணர்ச்சிகள் இப்படி உடம்போடு ஒட்டியே இருக்கின்றன, அதனால்தான் எனக்கு எட்டின என்று நினைக்கிறேன். எந்த இடத்தில், யார் பேசும்போது, உடம்பின் எந்தப் பகுதியில் என்று ஆறு மாதம் குறித்தேன். கணக்குப்பிள்ளை வேலை, எனக்கு நன்றாகவே வந்தது. பார்த்தால், நான் 'சோம்பேறித்தனம்' என்று என்னைத் திட்டிக்கொண்டிருந்த நாட்கள் எல்லாம் காது அடைத்த நாட்களாக இருந்தன. சத்தத்திலும், மற்றவர்களைப் போல இருப்பதாக நடிப்பதிலும் களைத்துப்போன நாட்கள். சாப்பாட்டு இடைவேளையில் 20 நிமிடம் தனியாக மொட்டைமாடிக்குப் போக ஆரம்பித்தேன். மாதம் மூன்று, நான்கு நாள் எடுத்துக்கொண்டிருந்த விடுப்பு குறைந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். மூச்சுப்பயிற்சி எனக்கு ஆகவில்லை. மூச்சைக் கவனி என்றால் மார்பைக் கவனிக்க வேண்டியிருக்கிறது, மார்பு அறுவை சிகிச்சைக்கு முந்தைய உடம்பில் அது நரகம். அதைச் சொல்ல எனக்கு ஐந்து வாரம் ஆனது. அவர் அதை முன்பே யோசித்திருக்கலாம். இரண்டாம் வருடம் வியாழக்கிழமை மாலை நேரத்தைத் திடீரென்று சனிக்கிழமைக்கு மாற்றினார். மற்றவர்களுக்கு அது சின்ன விஷயம், எனக்கு அந்த வாரமே குலைந்துபோய், இரண்டு முறை போகவே இல்லை. அப்புறம் அவர் மன்னிப்புக் கேட்டார். சமாதானம் எதுவும் சொல்லாமல், "இது என் தப்பு" என்று மட்டும் சொன்னார். வாழ்நாளில் ஒரு பெரிய மனுஷர் என்னிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. இனி மாற்றம் இருந்தால் மூன்று வாரம் முன்பே சொல்வது என்று பேசிக்கொண்டோம், அதைக் காப்பாற்றவும் செய்தார்.

பணம் பெரிய பாரம். ஒரு அமர்வுக்கு 1,500 ரூபாய். என் சம்பளத்தைக் கேட்டுவிட்டு 900 ஆகக் குறைத்தார். அப்படியும் முதல் வருடம் மாதம் 3,600 ரூபாய் போனது, சீட்டுப் பணத்தை எடுத்துத்தான் சமாளித்தேன். சங்கரன்கோவிலில் இருக்கும் என்னைப் போன்ற ஒருவருக்கு இது எப்படிச் சாத்தியம் என்ற கேள்வி எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. உடனடியாகப் பேச ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் இருக்கிறது, கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம். ஆனால் வருடக்கணக்கில் கூடவே வரும் ஒருவருக்கு அது மாற்றில்லை.

அம்மாவைப் பற்றி ஒன்று. நான் திருநம்பி என்று அவளிடம் எப்படிச் சொல்வது என்பதைப் பற்றி அந்த அறையில் பேசியது குறைவு. தினமும் இரவு வரும் போனை எடுப்பதா வேண்டாமா, எடுத்தால் எத்தனை நிமிடம் பேசுவது என்றுதான் அதிகம் பேசினோம். 10 நிமிடம், சாப்பாடு, மழை, மாட்டு விலை என்று வரையறை வைத்துக்கொண்டேன். இரண்டு வருடம் அப்படியே ஓடியது. அதுவரை என்னைப் பெண்பிள்ளையைக் கூப்பிடுவது போல "ஏட்டி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், போன தை மாசம் ஒரு ராத்திரி, ஆண்பிள்ளையைக் கூப்பிடுவது போல, "ஏலே, சாப்பிட்டியா?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன். மாட்டுக்குக் காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டே போனாள். அடுத்த அமர்வில் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு 50 நிமிடமும் உட்கார்ந்திருந்தேன். தொண்டையை அடைக்கிறது என்று நோட்டில் எழுதினேன்.

புதிதாகத் தேடுகிறவர்கள் முதல் போனிலேயே கேள்வி கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். திருநர்களோடு, ஆட்டிசமோ ஏடிஎச்டியோ (கவனச்சிதறல், மிகைத் துடிப்பு) உள்ள பெரியவர்களோடு இதற்கு முன் வேலை செய்திருக்கிறீர்களா? வீட்டிலிருந்து யாராவது கேட்டால் என்னைப் பற்றி என்ன சொல்வீர்கள்? பால்புதுமையினரை மாற்ற முயலாமல் அப்படியே ஏற்றுக்கொண்டு ஆலோசனை தரும் குயர் அஃபர்மேட்டிவ் பயிற்சி எடுத்திருக்கிறீர்களா? நான் கேட்ட கடைசிக் கேள்வி: "என்னைப் பற்றி உங்களுக்குப் புரியாத விஷயம் வந்தால் என்ன செய்வீர்கள்?" அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "படிப்பேன், எனக்கு மேல இருக்கிற சூப்பர்வைசர்கிட்ட கேட்பேன். உங்ககிட்டயே கேட்க வேண்டி வந்தா, அந்த நிமிஷங்களுக்குக் காசு வாங்க மாட்டேன்."